துப்பாக்கி நுனியில் ஓர் ஈ

ஹவில்தாரை அடிக்க நான் கையை ஓங்கியது உண்மைதான். ஆனால் அவர் என்னைத் திரும்பத் திரும்ப மக்கு என்று திட்டுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அப்போதெல்லாம் உச்சி மண்டை வரை சூடேறிவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சொன்னதற்கே நான் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

இரண்டாம் உலகச் சண்டை ஆரம்பிப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. மதுரையில் அப்போது ஒரு ரைபிள் கிளப் இருந்தது. வக்கீல்கள், வியாபாரிகள், ஒரு பல் டாக்டர் என்று ஊரில் பொழுது போகாத கனவான்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். கோச்சடையில் வைகைக் கரையோரம் ஒரு பெரிய மண்மேடு; மேட்டுக்கு முன்னால் மரச் சட்டங்கள்; சட்டத்துக்கு ஒன்றாக நடுவில் கருப்பு வட்டம் போட்ட வெள்ளை அட்டை. இருபத்தைந்து கஜம் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கும்போது கோட்டைத் தாண்டியவன் பிறகு அன்றைக்குத் துப்பாக்கியைத் தொட முடியாது. பக்கத்து ஆளின் அட்டையில் சுட்டால் அதற்குச் சுழி. கிளப்பில் சட்டம் என்று இருந்தவை இந்த இரண்டும்தான்.

சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு ஹவில்தார். வீட்டில் உருது, எங்களிடம் பட்டாளத் தமிழ். முதல் நாள் நான் படுத்ததும் தலைமாட்டில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"மூச்சு பிடி. டார்கெட் பார்க்காதே. மக்கி பார்!"

நான் திரும்பி முறைத்தேன்.

"அரே, என்னை ஏன் பாக்கறே? மக்கி பார், மக்கி!"

எனக்கு உருது தெரியாது. நாங்கள் முஸ்லிம்கள்தான், ஆனால் ராவுத்தர்கள்; எங்கள் வீட்டில் பேச்சும் சண்டையும் தமிழில்தான். மக்கு என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதைப் போய் இந்த மனுஷன் மக்கி என்று பெண்பாலாக்கிக் கூடுதலாக அவமானப்படுத்துகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கையை ஓங்கிவிட்டேன். கிளப்பின் கேப்டனாக இருந்த வக்கீல் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அண்ணே! அவரு உங்களைச் சொல்லலே. மக்கின்னா உருதுல ஈ. துப்பாக்கி முனையில குறி பாக்கத் துருத்திக்கிட்டு இருக்கு பாருங்க, அதைத்தான் அவங்க ஈன்னு சொல்லுவாங்க."

ஹவில்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டிவிட்டு, "பர்வா இல்லே. இப்போ மக்கி பார்" என்றார்.

அன்றிலிருந்து கிளப் முழுக்க அதற்கு ஈ என்றே பேர் நின்றுவிட்டது. அட்டையின் கருப்பு வட்டத்துக்கு இங்கிலீஷில் 'புல்' என்பார்களாம். அதை நாங்கள் காளையாக்கிக்கொண்டோம். ஆகக்கூடி, காளைக்கு அடியில் ஈயைச் சரியாக உட்காரவைப்பதுதான் துப்பாக்கி சுடும் வித்தை என்று ஆயிற்று. இந்தப் பாஷையை வெளியே பேசினால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஒரு நாள் நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், பெரிய ரோட்டுக்கு நடந்துவந்து உசிலம்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினோம். ஏறியதிலிருந்து மச்சான் ஒரே புலம்பல்.

"காளைக்கு அடியில ஈ நிக்கவே மாட்டேங்குது மாப்ள. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன்."

முன் சீட்டிலிருந்த விவசாயி ஒருவர் திரும்பினார்.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ஒரு மாசமா இருக்குண்ணே" என்றான் மச்சான்.

"காளை காலை உதைக்குதா?"

"அது அசையாமத்தான் நிக்கிது. ஈதான் கெடந்து ஆடுது."

"அப்ப ஒண்ணும் பயமில்லே. வேப்பெண்ணெயைத் தடவி விடுங்க, ஓடிப் போயிரும்."

மச்சான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு என் காதருகே குனிந்து, "தடவிப் பாப்போமா மாப்ள?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் அப்படிப்பட்டவன்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாருக்குப் பழைய ஊருக்குள் பெரிய இரும்புக் கடை. கீல், தாழ்ப்பாள், ஆணி, பூட்டு எல்லாம் கிடைக்கும். கடையில் மச்சானும் நானும் இருந்தோம். மாமா தன் மகனை நாள் முழுக்கத் திட்டுவார். "டே மக்கு, தராசைப் பாருடா", "டே மக்கு, சாவியைத் தொலைச்சிராதே." திட்டித் திட்டியே சாவியை அவனிடம் கொடுப்பார். என்னிடம் அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். நான் ஒரு பெட்டியைத் தூக்கினால் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். கல்யாணமாகி ஆறு வருடம் அந்தக் கடையில் நான் விருந்தாளியாகவே உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிக்கு எல்லாம் கிடைக்கும், வேலை கிடைக்காது. வெளியில் சொன்னால் கொழுப்பு என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் அது பெரிய துக்கமாகவே இருந்தது.

இந்த நேரத்தில் மாமா கொழும்புக்குப் போய்ச் சில மாதம் இருந்து வியாபாரம் பார்க்க வேண்டியதாயிற்று. கடைச் சாவியை யாரிடம் விட்டுப் போவது என்ற பேச்சு வந்தது. அதே சமயம் கிளப்பில், திண்டுக்கல்லோடு நடக்கவிருந்த போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணி எடுத்தார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு நானும் மச்சானும் ஒருவரோடு ஒருவர் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வீட்டில் சாப்பிடும்போதும் எங்களுக்கு இதே பேச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மாமா ஒரு நாள், "யாரு அந்த நாலாவது ஆளோ அவன்கிட்ட சாவி. போதுமா? இப்பச் சோத்தைத் தின்னுங்க" என்றார். சொன்ன கையோடு என்னைப் பார்த்து, "நீங்க மெதுவாச் சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அந்தச் சாவி எனக்கு வேண்டும். அதற்கு நாலாவது இடம் வேண்டும். அதற்கு ஒரு நல்ல ஈ வேண்டும்.

கிளப்பில் ஒரு சின்னத் தகர டப்பா இருந்தது. மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. துப்பாக்கி முனையில் இருக்கும் குட்டிக் குழாய்க்குள் மாற்றி மாற்றிச் செருகக்கூடிய விதவிதமான ஈக்கள் அதில் இருந்தன. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தோம். நிமிர்ந்து நிற்பது தூண். மேலே கூம்பியிருப்பது கோபுரம். மெல்லிய காலும் உருண்டைத் தலையுமாக இருப்பது தீக்குச்சி. நடுவில் ஓட்டையோடு இருப்பது மோதிரம்.

தூணில் ஆரம்பித்தேன். தூணின் தலையில் காளையை உருண்டை வைத்ததுபோல் வைக்க வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தூணும் கருப்பு, காளையும் கருப்பு. காளை தூண்மேல் நிற்கிறதா, தூணுக்குள் இறங்கிவிட்டதா என்று தெரியாது. நல்ல வேளையிலேயே முடிவெடுக்கத் திணறுகிறவன் நான். படுத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பேன்? கோபுரத்தில் வேறு தொல்லை. மதுரை வெயிலில் அதன் நுனி பளபளத்துக் காணாமல் போய்விடும். நுனி இல்லாத கோபுரத்தை வைத்துக் குறி பார்த்தால் தோட்டா காளையைத் தாண்டிப் போய் மண்மேட்டில் புழுதியைக் கிளப்பும். தீக்குச்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் தலையும் உருண்டை, காளையும் உருண்டை. இரண்டும் பக்கத்தில் வந்தால் எது எது என்று எனக்குக் குழப்பமாகிவிடும்.

கடைசியில் மோதிரம். வளையத்துக்குள் காளையை நிறுத்தி, சுற்றிலும் ஒரே சீராக வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். முதல் தடவை பார்த்தபோதே, அடடா, இது எனக்கென்றே செய்தது என்று பட்டது. ஆனால் டப்பாவில் மோதிரமே பல அளவில் இருந்தது. சின்ன ஓட்டை காளையை விழுங்கிவிட்டது. பெரிய ஓட்டைக்குள் காளை மேய ஆரம்பித்துவிட்டது.

சரியான அளவைக் கண்டுபிடிக்கக் கடையிலிருந்த வாஷர்களை எல்லாம் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, எதிர்க்கடைச் சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கைக்காரர் ஒருவர் கீல் கேட்டு வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. ஒரு கண்ணை மூடியபடி திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் மச்சானும் ஒரு வாஷரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்!

அவனுக்கு இது பிறவிக் குணம். நான் குடை வாங்கினால் அதே கைப்பிடியில் குடை வாங்குவான். நான் மீசையை ஒதுக்கினால் மறுநாள் அவன் மீசையும் ஒதுங்கியிருக்கும். கெட்ட எண்ணமே கிடையாது. மாப்ள செய்தால் சரியாக இருக்கும் என்ற ஒரே எண்ணம்தான். ஈயடிச்சான் காப்பி என்று ஊரில் சொல்வது யாரைப் பார்த்துச் சொன்னதோ தெரியாது. மச்சான் ஈயையே காப்பியடித்தான்.

மாமா கடைக்குள் வந்தார். வாஷருக்குள் ஆளுக்கு ஒரு கண்ணோடு நாங்கள்.

"டே மக்கு! வாஷரை வைடா கீழே! ஆளு வந்து நிக்கிறது தெரியலே?" என்றார் மகனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, நீங்க வேணா வெளிச்சத்துக்கு வந்து பாருங்க" என்றார்.

மோதிரம் முடிவாயிற்று. மச்சானுக்கும் மோதிரம்தான் முடிவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீதி இருந்தது ஒரே பிரச்சினை: பளபளப்பு. வெயில் பட்டால் எந்த ஈயும் மினுங்கும். அதற்கு ஹவில்தார் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு தகரத் துண்டில் சூடத்தைக் கொளுத்தி, அந்தப் புகையைத் துப்பாக்கி முனையில் காட்டுவார். கரி படிந்து ஈ கன்னங்கரேல் என்று ஆகிவிடும்.

இதை அவர் எங்கள் முன்னால் முதன்முதலாகச் செய்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, அதன் முன் எரியும் சூடத்தை மெல்ல வட்டமாகக் காட்டினார். வக்கீல் கோர்ட்டில் எதிரியை நடுங்க வைக்கிறவர். அவருடைய இரண்டு கைகளும் தாமாக நீண்டு ஜுவாலையின்மேல் போய்க் கண்களில் ஒற்றிக்கொண்டன. பின்னால் நின்றவர்களும் வரிசையாக ஒற்றிக்கொண்டார்கள். பல் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஹவில்தார் சூடத்தைப் பிடித்த கையோடு திகைத்து நின்றார். அவருக்குக் கை சுட ஆரம்பித்த பிறகுதான் எல்லோருக்கும் சுய நினைவு வந்தது.

நான் ஒற்றிக்கொள்ளவில்லை. சும்மா பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் ஆற்றங்கரைப் பக்கமாகப் போன எங்கள் தெருக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்கு வருவதற்குள், 'உங்க மாப்பிள்ளை கோச்சடையில துப்பாக்கிக்குச் சூடம் காட்டுறாரு' என்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "அப்படியெல்லாம் இருக்காது மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றார். மச்சானை உள்ளே கூப்பிட்டு, கூரை அதிரத் திட்டினார். அன்றைக்கு அவன் கோச்சடைக்கே வரவில்லை!

உள்ளேயிருந்து அந்தத் திட்டு கேட்டுக்கொண்டிருந்தது. என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மச்சான்மேல் பொறாமையாக இருந்தது.

சூடம் இனி ஆகாது. வேறு என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணுக்குத் தீட்டும் சுர்மா டப்பாவை எடுத்து வந்தாள்.

"இதைவிடக் கருப்பு எதுங்க இருக்கு? ஆனா பொடி இரும்புல நிக்காது. ரெண்டு சொட்டுத் தேன் விட்டுக் குழைச்சுத் தாரேன், ஒட்டிக்கிட்டு நிக்கும்."

என்ன மூளை என்று அவளை மெச்சிக்கொண்டேன். அவள் குழைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் கேட்டா அவுகளுக்கும் குடுக்கவா?"

"அவன் எங்கே கேக்கப் போறான்" என்றேன்.

"ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சங்கடம்தான்" என்று முனகிக்கொண்டே அவள் கிண்ணத்தை நீட்டினாள். அப்போது அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் இருவருக்குமான போட்டி நாளன்று மாமாவே கோச்சடைக்கு வந்துவிட்டார். அவருடைய அகலமான பச்சை பெல்ட்டும் விரித்த குடையும் தூரத்திலிருந்தே தெரிந்தன. மச்சான் இடது பக்கம், நான் வலது பக்கம். எனக்கு நேரே என் அட்டை, அவனுக்கு நேரே அவன் அட்டை. குப்புறப் படுத்தோம். என் மோதிரத்தின் ஓட்டை ஓரமெல்லாம் சுர்மா மினுங்காமல் அட்டக்கருப்பாக இருந்தது. முதல் தோட்டாக்கள் எல்லாம் காளையிலேயே விழுந்தன. ஹவில்தார் பைனாகுலரில் பார்த்து, "பஹுத் அச்சா!" என்றார். மாமாவுக்குக் கேட்டிருக்குமா என்று யோசித்தேன். மச்சானும் எனக்குச் சளைக்காமல் சுட்டுக்கொண்டிருந்தான். கடைசித் தோட்டாவுக்கு வந்தபோது இருவரும் சமம்.

கண்ணை மக்கியின் மேலேயே வைத்தேன். அட்டை மங்கலாக, வெள்ளையாகத் தெரிந்தது. வளையத்துக்குள் இடது ஓரத்தில் ஒரு கருப்பு. சரி, துப்பாக்கி வலப்பக்கம் போயிருக்கிறது என்று கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். கருப்பு இன்னும் இடது ஓரத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போதும் இடது ஓரம்தான். அந்த மங்கலில் என் உண்மையான காளை வலப்பக்கமாக வளையத்தை விட்டு நழுவிப் போனதை நான் கவனிக்கவில்லை. இந்தக் காளைக்கு என்ன வந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை விரட்டிக்கொண்டே போனேன். திடீரென்று வளையத்தின் நட்ட நடுவில், சுற்றிலும் சீரான வெள்ளைக் கோட்டோடு, இன்னொரு கருப்பு வந்து நின்றது. நடுவில் இருப்பதுதானே நம்முடையது? விசையை அழுத்தினேன்.

"நடு செண்டர்!" என்று கத்தினார் ஹவில்தார். பிறகு பைனாகுலரை இறக்கினார். "லேகின், அது உங்க அட்டை இல்லே."

மச்சானுடைய அட்டையின் நடுவில் என் தோட்டா போயிருந்தது. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் சுட்டதில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். மோதிரத்தின் இடது ஓரத்தில், தேனில் கால் ஒட்டிக்கொண்டு, ஒரு குட்டி ஈ இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. துப்பாக்கியில்தான் ஆடியது.

அதே நேரம் பக்கத்தில் "பூ... பூ..." என்று சத்தம் கேட்டது. மச்சான் படுத்தபடியே துப்பாக்கி முனையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தான். என்னிடம் இருந்ததெல்லாம் அவனிடமும் இருந்தது: மோதிரம், சுர்மா, தேன், ஈ. ஊதி ஊதிப் பார்த்து முடியாமல், துப்பாக்கியைச் சாக்கில் வைத்துவிட்டு எழுந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி முன்னால் போய், தோட்டா இருந்த துப்பாக்கியின் வாயருகே உட்கார்ந்து நகத்தால் ஈயை எடுக்க ஆரம்பித்தான். ஹவில்தார் போட்ட கூச்சலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் ஓடின. வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அதோடு எல்லாம் முடிந்தது. எனக்குச் சுழி, மச்சான் துப்பாக்கியைத் தொடக் கூடாது. வேறு ஆளில்லாமல் நாலாவது இடம், தன்பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டருக்குப் போனது.

மாமா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். முதலில் மச்சான்.

"டே மக்கு! தோட்டா இருக்கிற துப்பாக்கிக்கு முன்னால போயி உக்காருவியாடா? உசிரு போனா யாருடா பதில் சொல்றது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'பரவாயில்லை மாப்பிள்ளை, வெயில் அதிகம்' என்று சொல்லப்போகிறார். அதைக் கேட்டுக்கொண்டு இன்னும் ஆறு வருடம் அந்தக் கடையில் விருந்தாளியாக உட்கார வேண்டும்.

"ஏண்டா, தேனைப் பூசினா ஈ மொய்க்கும்னு தெரியாதா உனக்கு? அவ குழைச்சுக் குடுத்தா நீ பூசிருவியா? அவன்தான் மக்குன்னா, நீயுமாடா மக்கு?"

மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் இப்படிப் பேசிவிட்டாரே, இவன் கோபக்காரனாயிற்றே என்று வக்கீல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹவில்தார் மட்டும் தலையாட்டினார்.

"ஆமா சாப். மக்கிதான். நான் முதல் நாளே சொன்னேன்."

மாமா பெல்ட் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"நாலாவது ஆளுக்குத்தான் சாவின்னு சொன்னேன். அதுக்காகப் பல் டாக்டர்கிட்டயா குடுக்க முடியும்? ரெண்டு மக்கும் சேந்து ஒரு ஆளாக் கடையைப் பாருங்க. பிடிடா!"

என்னைப் பார்த்துத்தான் எறிந்தார். பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. வெயில் என்று மச்சானிடம் சொன்னேன். அவனும் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"டே மக்கு! கடை திறக்கலே? இன்னும் என்னடா தூக்கம்?"

எந்த மக்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.